எத்தனை மணிக்கு விழுந்தார்?

தலைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. ஸ்கேன் முடிந்து நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும், கூட வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "டை போடாமலா எடுத்தீங்க?" என்பது ஒன்று (டை என்றால் ரத்தக் குழாய்கள் படத்தில் தெரிய ஊசி வழியாக ஏற்றும் மருந்து). "எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தா இன்னும் தெளிவாத் தெரிஞ்சிருக்குமே?" என்பது இன்னொன்று. சின்ன ஸ்கேனாக எடுத்து அனுப்பிவிடுகிறார்களோ, நம் ஆளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லையோ என்ற பயம் இரண்டிலும் இருக்கிறது. நெல்லைப் பக்கம் ஒரு ஊரில் ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நடு ராத்திரியில் அந்தப் பயத்துக்கு உட்கார்ந்து பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பதிலுக்கு நானும் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? எத்தனை மணிக்கு விழுந்தார்? பதற்றத்தில் நிற்பவர்களிடம் போலீஸ்காரர் மாதிரி மணியை விசாரிக்கிறேனே என்று சிலர் கோபப்படுவதும் உண்டு. அந்த மணி தெரியாவிட்டால் என் முன்னால் இருக்கும் படத்தைப் பாதிதான் படிக்க முடியும். ஏன் என்று சொல்கிறேன்.

சி.டி. என்பது அடிப்படையில் எக்ஸ்ரேதான். எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்றி வருகிறது. தலையைத் தாண்டி எவ்வளவு கதிர் வந்து சேர்ந்தது என்று எதிர்ப்பக்கத்தில் உள்ள உணரிகள் அளக்கின்றன. அந்த அளவுகளை வைத்து, தலைக்குள் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி ஒரு எண் கொடுக்கிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டியான எலும்புக்கு 1000 அல்லது அதற்கும் மேல். மூளையைச் சுற்றியுள்ள நீர் 0 முதல் 15 வரை. மூளையின் வெண்பகுதி 25 முதல் 30 வரை, சாம்பல் பகுதி 35 முதல் 40 வரை. ரத்தக் குழாயிலிருந்து வெளியே வந்து புதிதாக உறைந்த ரத்தம் 60 முதல் 80 வரை.

இவ்வளவு பெரிய அளவுகோலில் மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையில் இருப்பது முப்பது நாற்பது எண்கள்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கண்ணுக்குத் தெரிய வைக்க, 0 முதல் 80 வரை உள்ள எண்களை மட்டும் எடுத்து, கறுப்பிலிருந்து வெளுப்பு வரை விரித்துப் பார்க்கிறோம். இதற்கு மூளை விண்டோ என்று பெயர். அதில் நீர் கறுப்பாகவும், மூளை சாம்பலாகவும், புது ரத்தம் பளிச்சென்று வெளுப்பாகவும் தெரியும்.

டை போட்டால் என்ன ஆகும்? அது ரத்தக் குழாய்களுக்குள் ஓடி அவற்றையும் வெளுப்பாக்கிவிடும். குழாய்க்குள் ஓடும் ரத்தம் எது, வெளியே கசிந்த ரத்தம் எது என்று பிரிப்பது சிரமமாகும். ஆகவே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று தேடும்போது டை போடாத படம்தான் முதலில். கசிவு இருப்பது உறுதியான பிறகு, எந்தக் குழாய் உடைந்தது, குழாய்ச் சுவர் எங்காவது வீங்கியிருக்கிறதா என்று தேட டை போட்டு ஆஞ்சியோகிராம் எடுப்போம். இந்த வரிசையை மாற்றுவதால் நோயாளிக்கு நன்மை இல்லை.

ரத்தத்தில் இரும்பு இருப்பதால்தான் ஸ்கேனில் வெளுப்பாகத் தெரிகிறது என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹீமோகுளோபினில் உள்ள புரதம்தான் பெரும்பாலும் காரணம். குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் எண் 40 அளவில்தான் இருக்கும், ஏறக்குறைய மூளையின் எண். வெளியே வந்து உறையும்போது அதிலுள்ள நீர் பிரிந்து போகிறது. சிவப்பணுக்கள் நெருங்கி, புரதம் அடர்த்தியாகிறது, எண் ஏறுகிறது. இதில் நம் ஊருக்கு முக்கியமான சேதி ஒன்று இருக்கிறது. ஹீமோகுளோபின் மிகவும் குறைந்தவர்களுக்கு, 8 கிராமுக்குக் கீழே போய்விட்டவர்களுக்கு, புது ரத்தம்கூடப் பளிச்சென்று தெரியாமல் மூளையின் நிறத்திலேயே ஒளிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வெளிறிய முகத்தோடு ஒரு பெண் தலைவலி என்று வந்தால், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் ஹீமோகுளோபின் அளவைக் கேட்டுவிடுவேன்.

இந்தக் கருவி வருவதற்கு முன்னால் இருந்த மருத்துவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. 1918ல் அமெரிக்காவில் வால்டர் டேண்டி மண்டையில் துளை போட்டு, மூளைக்குள் இருக்கும் நீரறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். அடுத்த ஆண்டு முதுகுத்தண்டு வழியாகக் காற்றை அனுப்பும் முறை வந்தது. நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். 1927ல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் மூளையின் ரத்தக் குழாய்களில் டை செலுத்திப் படம் எடுத்துக் காட்டினார். இவை எதிலும் கசிந்த ரத்தம் நேரடியாகத் தெரியவில்லை. குழாய் தன் இடத்தைவிட்டு விலகியிருக்கிறது, ஆகவே பக்கத்தில் ஏதோ தள்ளுகிறது என்று ஊகிக்கத்தான் முடிந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் மூளையின் நடுவே சுண்ணாம்பு படிந்த பினியல் சுரப்பி ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி நடுக்கோட்டை விட்டு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, கசிவு எந்தப் பக்கம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதுவும் இல்லாத அவசரத்தில், கண்மணி எந்தப் பக்கம் விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மண்டையில் துளை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949லும், சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950லும் நரம்பியல் அறுவைசிகிச்சையைத் தொடங்கினார்கள். தலைக்குள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லாத அந்தக் காலத்தில் நோயாளியைத் தொட்டும் தட்டியும் பேசியும் அவர்கள் இடத்தைக் கண்டுபிடித்ததைத் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும்.

இந்த நிலையை மாற்றிய சி.டி. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்பீல்டு மருத்துவர் இல்லை. இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளர். ஆய்வுக்கூடத்தில் அவர் கட்டிய முதல் மாதிரிக் கருவிக்கு ஒரு படம் எடுக்க 9 நாள் ஆனது. 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், டாக்டர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸின் நோயாளியான ஒரு பெண்ணின் தலையை முதன்முதலாக ஸ்கேன் செய்தார்கள். மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகம். அளவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, ஊரின் மறுபக்கம் இருந்த கணினிக்கு அனுப்பித்தான் படம் ஆக்க முடிந்தது. குறுக்கே 80 புள்ளி, நெடுக்கே 80 புள்ளி. இன்று என் திரையில் அது 512க்கு 512. அந்தக் கட்டம்கட்டமான படத்திலேயே கட்டி தெளிவாகத் தெரிந்தது. 1979ல் ஹவுன்ஸ்பீல்டுக்கும், இதற்கான கணக்கைத் தனியாகப் போட்டு வைத்திருந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாங்கள் தினமும் படிக்கும் எண்களை இன்றும் ஹவுன்ஸ்பீல்டு எண் என்றுதான் சொல்கிறோம்.

சரி, மணி விஷயத்துக்கு வருகிறேன்.

கசிந்த ரத்தம் அப்படியே இருப்பதில்லை. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. புரதம் கரையக் கரைய எண்ணும் இறங்குகிறது. முதல் சில நாட்கள் வெளுப்பு. ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் ஒரு கட்டத்தில் மூளையின் அதே சாம்பல் நிறம். அதற்கப்புறம் மூளையைவிடக் கறுப்பு, கிட்டத்தட்ட நீரின் நிறம். ஆக, படத்தில் வெளுப்பு இல்லை என்பதால் ரத்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அடிபட்டது நேற்றா, போன மாதமா என்று தெரிந்தால்தான் எந்த நிறத்தைத் தேடுவது என்றே எனக்குத் தெரியும்.

இது முழுதாகப் புலப்படுவது வயதானவர்களின் சப்டியூரல் கசிவில். மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்குக் கீழே ரத்தம் தேங்குவதை அப்படிச் சொல்கிறோம். வயதாக ஆக மூளை சுருங்குகிறது, காய்ந்த கொப்பரை ஓட்டிலிருந்து விலகி உள்ளே ஆடுவது போல. மூளைக்கும் உறைக்கும் இடையே போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டு விறைப்பாக நிற்கின்றன. கொஞ்சம் தலை குலுங்கினாலும் அவற்றில் ஒன்று பிய்ந்துவிடலாம். சிரை ரத்தம் என்பதால் மெதுவாகத்தான் கசியும். சுருங்கிய மூளையைச் சுற்றி இடமும் இருப்பதால் வாரக்கணக்கில் எதுவும் வெளியே தெரியாது.

ஒரு பெரியவரை மருமகள் அழைத்து வந்தார். "ரெண்டு வாரமா ஒரு மாதிரியா இருக்காவ டாக்டரம்மா. சட்டைப் பட்டனைப் போடத் தெரியல. சாப்பிட்டதை சாப்பிடலங்காவ. வயசாச்சுல்லா, அதான் மறதியோன்னு நெனச்சோம்." விழுந்தாரா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். படத்தில் பளிச்சென்று எதுவும் இல்லை. எண்பதைத் தொடப்போகும் மனிதரின் மூளையில் மடிப்புகள் ஆழமாக, இடைவெளிகள் அகலமாக இருக்க வேண்டும். இவருக்கோ இருபத்தைந்து வயசுப் பையனின் மூளை மாதிரி மடிப்பே தெரியாமல் நிறைந்து இருந்தது. அந்த வயதில் அவ்வளவு நல்ல மூளை இருந்தால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். விண்டோவை மாற்றிப் பார்த்ததும் இரண்டு பக்கமும் மூளை நிறத்திலேயே பிறை வடிவில் ரத்தம் படிந்திருப்பது தெரிந்தது. இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளியதால் நடுக்கோடும் விலகவில்லை.

திரும்ப வெளியே போய்க் கேட்டேன். விழவில்லை, சரி, தலையில் எங்காவது இடித்துக்கொண்டாரா? மருமகள் யோசித்தார். கூட வந்த பேரன்தான் சொன்னான். "கோயில் கொடைக்கு முந்தின செவ்வாக்கிழமை தாத்தா வாசல் நிலையில இடிச்சிக்கிட்டாவ. எண்ணெய் தேய்ச்சி விட்டோம்லா." கொடை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கணக்கு பொருந்தியது. எம்.ஆர்.ஐ.யும் அதையே காட்டியது. மண்டையில் சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடித்துவிட்டார்கள். அடுத்த தடவை மறுபரிசோதனைப் படத்துக்கு வந்தபோது அவரே சட்டை மாட்டிக்கொண்டு, டோக்கன் வரிசை ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று எங்கள் ஆட்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வயதானவர்களுக்குத் திடீரென்று மறதியோ, நடை தடுமாற்றமோ, தூக்கக் கலக்கமோ வந்தால் முதுமை என்று சொல்லி விட்டுவிடாதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்குள் ஏதாவது இடி, குலுக்கல், கட்டிலிலிருந்து சறுக்கியது, பஸ்ஸில் மண்டை மோதியது என்று எதுவாக இருந்தாலும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் அட்டையை எடுத்து வந்து காட்டினால் போதும்.

இதற்கு நேரெதிரான அவசரம், மூளையின் மேற்பரப்பில் ஓடும் தமனியில் உண்டான வீக்கம் வெடிப்பது. நொடியில் உச்சத்துக்கு ஏறும் தலைவலி. "யாரோ பின்மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று நோயாளிகளே சொல்வார்கள். ரத்தம் மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்து பரவுகிறது. மூளையின் அடிப்பகுதியில் நீர் தேங்கும் இடம் படத்தில் வழக்கமாகக் கறுப்பு நட்சத்திரமாகத் தெரியும். இவர்களுக்கு அந்த நட்சத்திரம் வெளுத்திருக்கும்.

இங்கே மணிக்கணக்கு இன்னும் கறார். கனடாவில் நடந்து 2011ல் வெளியான ஓர் ஆய்வில், திடீர்த் தலைவலியோடு வந்த 3132 பேரைப் பார்த்தார்கள். தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் ஸ்கேன் செய்யப்பட்டவர்களில் இந்தக் கசிவு இருந்தது 121 பேருக்கு. 121 பேரையும் சி.டி. கண்டுபிடித்துவிட்டது, ஒருவர்கூடத் தப்பவில்லை. 6 மணி நேரம் தாண்டியவர்களில் கண்டுபிடிப்பு 85.7 சதவீதமாகக் குறைந்தது. நீரோடு கலந்த ரத்தம் சீக்கிரம் நீர்த்துப்போய்விடுகிறது. ஒரு வாரம் கழித்து வந்தால் பாதிப் பேருக்குப் படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

அதனால் "காலையில் 9 மணிக்கு, டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது" என்று ஒருவர் சொல்லி, படம் 12 மணிக்கு எடுக்கப்பட்டு, அதில் கசிவு இல்லை என்றால் நான் தைரியமாக எழுதுவேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு வந்தவரின் படத்தில் ஒன்றும் இல்லை என்றால் அந்த தைரியம் வராது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து அது மஞ்சளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது ஆஞ்சியோகிராம் பார்க்க வேண்டும் என்று எழுதுவேன். முதல் வெடிப்பில் தப்பியவருக்கு இரண்டாவது வெடிப்பு உயிரைப் பறிக்கலாம், அதுவும் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே வரலாம் என்பதால்தான் இவ்வளவு பிடிவாதம்.

இனி, நம் வீடுகளில் அதிகம் பார்க்கும் பக்கவாதம். வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. காரணம் அடைப்பா, கசிவா? வெளியிலிருந்து பார்த்து எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாந்தி, கடுமையான தலைவலி, எகிறிய பி.பி. இருந்தால் கசிவு என்று சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். அடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து. கசிவுக்கு அதே மருந்து விஷம். சி.டி.தான் இரண்டையும் பிரிக்கிறது.

அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரங்களில் சி.டி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். "கை கால் வரல, ஸ்கேன்ல ஒண்ணுமில்லங்கிறாங்க" என்று உறவினர்கள் எரிச்சலடைவது எனக்குப் புரிகிறது. அந்த "ஒண்ணுமில்ல"தான் மருந்து ஏற்றுவதற்கான அனுமதிச் சீட்டு. கட்டியைக் கரைக்கும் மருந்து 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995ல் நிரூபித்தார்கள். 2008ல் அது நாலரை மணி நேரமாக நீண்டது. அந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து. காலை 5 மணிக்கு எழுப்பும்போது கை விழுந்திருந்தது என்றால், கடைசியாக நல்லபடி இருந்தது ராத்திரி படுக்கும்போது என்று ஆகிவிடும், மருந்துக்கான நேரம் பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் நடுவில் எழுந்தாரா, பாத்ரூம் போனாரா, தண்ணீர் கேட்டாரா என்று துருவுகிறோம். 3 மணிக்கு எழுந்து நடந்து போய் வந்தார் என்று மனைவி சொல்லும் ஒரு வார்த்தையில் ஒருவரின் வலது கை திரும்பக் கிடைக்கலாம்.

இங்கே இரண்டு பழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்லிக் கேள்விப்பட்டு, பக்கவாதத்துக்கும் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஸ்கேன் எடுக்கும் முன் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் அது கூடிவிடும். இன்னொன்று புறா ரத்தம் தேய்ப்பது. இன்றும் நடக்கிறது. புறாவைத் தேடிப் பிடிக்கும் நேரத்தில் அந்த நாலரை மணி நேரம் கரைந்துவிடுகிறது.

ரத்தக் கொதிப்பால் வரும் கசிவு மூளையின் உள்ளே ஆழத்தில் நடக்கிறது. மெல்லிய தமனிகள் பல வருட அழுத்தத்தில் நைந்துபோய் ஒருநாள் உடைகின்றன. படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி இரண்டால் வகுத்தால் எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் என்று தோராயமாகக் கிடைத்துவிடும். 30 மில்லியைத் தாண்டினால் கவலை கூடுகிறது. ஆனால் அந்த எண்ணும் அந்த நிமிடத்துக்குத்தான் செல்லும். 1997ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், கசிவு தொடங்கி 3 மணி நேரத்துக்குள் வந்த 103 பேரை ஸ்கேன் செய்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் ஸ்கேன் செய்தார்கள். 26 சதவீதம் பேருக்கு அந்த ஒரு மணி நேரத்திலேயே கசிவு குறிப்பிடத்தக்க அளவு பெருகியிருந்தது. ஆரம்பித்து 40 நிமிடத்தில் எடுத்த படத்தில் 12 மில்லி இருப்பதும், 20 மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் 12 மில்லி இருப்பதும் ஒன்றல்ல. முதலாமவர் இன்னும் ஆபத்தின் வாசலில் நிற்கிறார். அவருக்குத்தான் பி.பி.யை உடனே இறக்க வேண்டும், உறையாமை மாத்திரையின் வேலையை முறிக்க மருந்து கொடுக்க வேண்டும், மறுபடியும் படம் எடுக்க வேண்டும்.

விபத்துகளைப் பற்றி நீளமாக எழுதவில்லை, ஒன்றே ஒன்று. நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் மண்டையோடு மெலிந்த இடம். அதன் உள்பக்கத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. பைக்கிலிருந்து விழுந்து அங்கே விரிசல் விட்டால், எலும்புக்கும் உறைக்கும் நடுவே ரத்தம் பீறிடும். படத்தில் இருபுறமும் புடைத்த லென்ஸ் வடிவில் இருக்கும். விழுந்த பையன் கொஞ்ச நேரம் மயங்கி, எழுந்து, நன்றாகப் பேசி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவான். சில மணி நேரத்தில் மயக்கம். "குடிச்சிருக்கான், தூங்கட்டும்" என்று விட்டுவிட்டால் அவ்வளவுதான். நேரத்தில் வந்தால் முழுதாகப் பிழைக்கக்கூடிய கசிவு இது. செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. 108ஐ அழையுங்கள்.

அதற்காகத் தலையில் குட்டு வாங்கிய எல்லோருக்கும் ஸ்கேன் என்று ஓடி வரவும் கூடாது. ஒரு தலை சி.டி.யின் கதிரளவு சுமார் 2 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் வாங்கும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். பெரியவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. குழந்தைகளுக்கு யோசிக்க வேண்டும். தொட்டிலிலிருந்து விழுந்து, அழுது, உடனே பால் குடித்து, விளையாடும் குழந்தையைச் சில மணி நேரம் கண்ணெதிரே வைத்துப் பார்ப்பதே போதும் என்று டாக்டர் சொன்னால், அவர் அக்கறையில்லாமல் சொல்லவில்லை. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு சி.டி.யே தேவையில்லை. உச்சிக்குழி இன்னும் மூடவில்லை அல்லவா, அதன் வழியாக அல்ட்ராசவுண்டு வைத்தே மூளையின் நீரறைகளில் ரத்தம் இருக்கிறதா என்று இன்குபேட்டரிலேயே பார்த்துவிடலாம். எனக்குப் பிடித்த பரிசோதனைகளில் அது ஒன்று.

எம்.ஆர்.ஐ. எப்போது? ரத்தம் சாம்பலாகி ஒளிந்துகொள்ளும் நாட்களில் எம்.ஆர்.ஐ. அதைத் தெளிவாகக் காட்டிக் கொடுக்கும். ஹீமோகுளோபின் சிதையச் சிதைய அதிலுள்ள இரும்பின் காந்தத் தன்மை மாறுகிறது, இங்கேதான் இரும்புக்கு வேலை. பல வருடத்துக்கு முன் கசிந்த கடுகளவு ரத்தத்தின் துருவைக்கூட அது கறுப்புப் புள்ளியாகக் காட்டும். ஆனால் இருபது முப்பது நிமிடம் ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டும். மூச்சுத் திணறுபவரை, வலிப்பு வந்தவரை, உடம்பில் என்ன உலோகம் இருக்கிறது என்று சொல்ல முடியாதவரை அதற்குள் அனுப்ப முடியாது. சி.டி. சில நொடிகளில் முடிகிறது. முதல் மணி நேரத்தில் அதுதான் சரி.

செல்போனில் பிலிமைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "ரத்தக் கட்டு இருக்கா பாருங்க" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூளை விண்டோ 80 வரைதான் என்று சொன்னேன் அல்லவா? 80க்கு மேல் உள்ள எல்லாமே அதில் வெளுப்பு. எலும்பும் வெளுப்பு, அதை ஒட்டிய மெல்லிய ரத்தப் படலமும் வெளுப்பு. விண்டோவை அகட்டினால்தான் இரண்டும் பிரியும். செல்போன் படத்தில் விண்டோவை மாற்ற முடியாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களைப் பதிந்த குறுந்தகட்டையும் (CD) கேட்டு வாங்குங்கள், பழைய படங்கள் இருந்தால் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி டாக்டர் வேண்டாமா என்று கேட்கிறார்கள். 2018ல் லான்செட் மருத்துவ இதழில் மும்பையின் க்யூர் டாட் ஏஐ நிறுவனத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியாவின் சுமார் 20 மையங்களிலிருந்து திரட்டிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தலை சி.டி.க்களை வைத்து, கசிவைக் கண்டுபிடிக்கக் கணினிக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இதை நான் மனதார வரவேற்கிறேன். ஒரே ஆள் ஐந்து மருத்துவமனைகளின் ராத்திரிப் படங்களைப் படிக்கும் நாட்டில், வரிசையில் நாற்பதாவதாக இருக்கும் கசிவை முதலிடத்துக்குத் தூக்கிக் காட்டும் ஒரு துணை கிடைத்தால் உயிர்கள் பிழைக்கும். ஆனால் கொடைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை தாத்தா நிலையில் இடித்துக்கொண்டதைப் பேரன் சொல்லாமல் அந்தக் கணினிக்கும் தெரியாது.

எங்கள் இடத்தில் தலை ஸ்கேனுக்கு அனுப்பும் படிவத்தில் மூன்று கட்டங்களைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கடைசியாக நன்றாக இருந்தது எப்போது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா. பாதிப் படிவங்கள் வெறுமையாகத்தான் வருகின்றன. அனுப்பும் டாக்டருக்கும் அவசரம், குறை சொல்ல முடியாது. எங்கள் டெக்னீசியன்கள் படிவத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. நோயாளியை மேஜையில் படுக்க வைத்துத் தலையைப் பட்டை போட்டு நிறுத்திவிட்டு, ஒருவர் கன்சோலில் உட்காருகிறார். இன்னொருவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், அழுதுகொண்டிருக்கும் மகளிடமோ மனைவியிடமோ கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்.